முதல் சால் யாருக்கு?

நம் பங்கின் பெயரில் பதிவான, 45 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்று சென்ற ஆவணிக் கடைசியில் ஆலய முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. ஆலய நிலத்து வெள்ளாமையில் பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணமும், மீதிக்கு வங்கிக் கடனுமாக வாங்கியது. ஆலயத்துக்குள்ள ஆறு குறுக்கம் நிலத்தை (கரிசல் பகுதியில் ஏக்கரை நாம் இப்படித்தான் சொல்கிறோம்) உழுவதோடு, சிறு நிலம் வைத்திருக்கும் நம் மக்களுக்கு வெளியார் வண்டியைவிட மணிக்கு 200 ரூபாய் குறைவாக உழுது கொடுக்க வேண்டும் என்பது பங்குப் பேரவையின் தீர்மானம். மாலை சூட்டி, செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். சக்கரங்களுக்கு அடியில் யாரோ நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்திருந்ததை நாம் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

புதிய பொருள் கைக்கு வந்த முதல் நாட்களில் மனிதன் சிறுவனாகி விடுகிறான். இந்த வயதில் நாமும் அதற்கு விலக்கல்ல. ஒரு மாலை ஓட்டுநர்த் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இருக்கையில் ஏறி அமர்ந்தோம். இரு விரல்களால் திருப்பக்கூடிய ஸ்டியரிங், ஒரு நெம்புகோலை அசைத்தால் ஒன்பது கொத்துக் கலப்பையை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிடும் ஹைட்ராலிக் கைகள். கலப்பையை மூன்று முனைகளில் பிணைக்கும் அந்த அமைப்பை 1920களில் உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். மண்ணைக் கிழிக்கும் கலப்பையின் பளு பின்சக்கரங்களின்மேல் இறங்குவதால், வண்டி வழுக்காமல் நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. சுமையே பிடிமானமாகும் இந்த நுட்பத்தை மறையுரையில் சொல்லலாம் என்று அன்று நினைத்தோம். பிறகு நடந்தவற்றால் அந்த மறையுரை இதுவரை சொல்லப்படவில்லை.

குறைகளும் தெரியாமல் போகவில்லை. நீளமான நிலத்தில் மணிக்கு ஒரு குறுக்கம் தாராளமாக உழும் வண்டி, அரைக் குறுக்கத் துண்டில் திரும்பித் திரும்பியே நேரத்தைத் தின்றுவிடுகிறது. மூலைகள் உழப்படாமல் நின்றுவிடுகின்றன. மாட்டு ஏர் என்றால் மூலைவரை போகும். மாட்டுக்கு இப்போது எங்கே போவது? மூலைகளை மண்வெட்டியால்தான் கொத்தவேண்டும். மணிக் கணக்குக்கு வாடகை என்பதால், நிலம் சிறுத்தவனுக்கே குறுக்கத்துக்கு அதிகச் செலவு ஆகிறது. ஏழைக்கு உதவ வாங்கிய வண்டி, தன் அமைப்பினாலேயே அகன்ற நிலத்துக்காரனை விரும்புகிறது என்பது நமக்குக் கிடைத்த முதல் பாடம்.

புரட்டாசியின் கடைசி வாரத்தில், ஓர் இரவு முழுவதும் நல்ல மழை. கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். ஈரம் மிகுந்தால் சக்கரம் புதையும். ஈரம் போனால் கட்டி கட்டியாகப் பெயரும். இடையில் உள்ள பதம் நான்கைந்து நாட்களே. விடிந்தபோது பங்கு இல்லத்துத் திண்ணையில் 11 பேர் அமர்ந்திருந்தனர். மாலைக்குள் கேட்கப்பட்ட நிலம் 70 குறுக்கத்தைத் தாண்டிற்று. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினாலும் ஐந்து நாளில் 50 குறுக்கம்தான். அக்கம்பக்கத்து வண்டிகள் எல்லாம் அந்த வாரத்தில் முன்பணம் கொடுத்தவர்களின் நிலங்களில் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் வந்தவனுக்கு முதலில் என்றார் ஒருவர். சேர்ந்தாற்போல் எட்டுக் குறுக்கம் உள்ளவருக்கு முதலில் உழுதால் டீசல் மிச்சமாகும், கடன் தவணைக்கும் வழி பிறக்கும் என்றார் கணக்குப் பார்க்கும் பேரவை உறுப்பினர். மத்தியாவைத் திருத்தூதராகத் தேர்ந்தபோது செய்தது போலச் சீட்டுப் போடலாம் என்றார் உபதேசியார். வாதம் நீண்டது. ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் எவரும் வாதிடவில்லை. பதம் வந்த மூன்றாம் நாள் அதிகாலையில், டிராக்டர் நேரே ஆலய நிலத்துக்குச் சென்றது. நாமே அனுப்பினோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்காததுதான் இன்று நம்மை உறுத்துகிறது.

ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் 60 சென்ட் வைத்திருக்கும் கைம்பெண் ஒருவரின் நிலத்துக்கு வண்டி ஆறாம் நாள்தான் போயிற்று. காற்றும் வெயிலும் அதற்குள் ஈரத்தைக் குடித்துவிட்டன. உளுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது, தாமதத்துக்கு வருந்துவதாக அவரிடம் சொன்னோம். “கோயில் நிலந்தான சாமி மொதல்ல உழணும், அதுதான முறை?” என்றார் அவர். குற்றம் சாட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது, உடைமையைப் பற்றிப் புனித அக்குவினா தோமா வகுத்த வேறுபாட்டை மனப்பாடமாக்கினோம். பொருளைத் தனதாக வைத்து நிருவகிக்க மனிதனுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது, தேவையுற்றவனோடு எளிதில் பகிரும் வண்ணம் அனைவருக்கும் பொதுவானதாகவே அதைக் கருதவேண்டும். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இதையே எடுத்துரைத்தார். நாம் பொருளைப் பகிர்ந்தோம், வாடகையைக்கூடக் குறைத்தோம். நியாயமான விலை, நியாயமான கூலி, களவு, ஈடுசெய்தல் என்றெல்லாம் படித்த நமக்கு, ‘முறை’ என்பது நீதியைச் சார்ந்த பொருள் என்று தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் உழுவதும் ஆறாம் நாள் உழுவதும் ஒரே வாடகைதான். ஆனால் ஒன்று விளைச்சல், மற்றது வெறும் உழவு.

ஏர் பூட்டிய காலத்தில், ஒற்றை மாடு வைத்திருந்த இருவர் சேர்ந்து ஓர் ஏர் கட்டுவார்கள். இன்று உன் நிலம், நாளை என் நிலம். சண்டை வராமல் இல்லை. ஆனால் ஒருவன் இன்றி மற்றவன் உழ முடியாது என்பதால் முறை தானே நிலைத்தது. அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. மாடே இல்லாதவன் அன்றும் கடைசியில்தான் நின்றான். டிராக்டர் வந்தபின் மாறியது இதுதான்: வண்டிக்காரனுக்கு எவர் தயவும் தேவையில்லை, எல்லாருக்கும் அவன் தயவு தேவை. இரும்பை வாங்கியதாக நாம் எண்ணினோம். வாங்கியதோ, பிறருடைய பருவத்தின்மேல் ஓர் அதிகாரம்.

திராட்சைத் தோட்ட உவமையின் நிலக்கிழார் கடைசியில் வந்தவர்களுக்கும் முழுக் கூலி கொடுத்தாரே என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். உண்மைதான். ஆனால் அவரிடம் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்தது. நம்மிடம் எல்லாருக்கும் கொடுக்க நாட்கள் இல்லை. தேவையில் மிகுந்தவருக்கே முதலிடம் என்றாலோ, யார் தேவை மிகுந்தவர் என்று முடிவுசெய்யும் அதிகாரமும் மீண்டும் திண்ணையில் அமர்ந்த நம் கைக்கே வந்துவிடுகிறது. தவணை தவறினால் வண்டியும் போய்விடும்.

வழி ஒன்று வேறிடத்திலிருந்து வந்தது. ஐப்பசியில் நடந்த பேரவைக் கூட்டத்தில், வழக்கமாகப் பேசாத முதியவர் ஒருவர் எழுந்து, ஆளைப் பார்த்து உழவேண்டாம், மண்ணைப் பார்த்து உழுங்கள் என்றார். மேட்டு நிலம் முதலில் பதத்துக்கு வரும், முதலில் காயும். சரிவு அடுத்தது. கண்மாயை ஒட்டிய பள்ளம் கடைசிவரை ஈரம் காக்கும். அவர் சொன்ன வரிசையில் போனால் 70 குறுக்கத்துக்கும் ஏறத்தாழ நாள் போதும் என்று கணக்குப் பார்த்தவர்களும் ஒப்புக்கொண்டனர். ஊரிலேயே தாழ்ந்த, கண்மாயை ஒட்டிய நிலம் எது என்று கேட்டோம். சற்று நேரம் யாரும் வாய்திறக்கவில்லை. அது ஆலய நிலம்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டதற்கு, “சாமி கேக்கலையே” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டுக்கான வரிசையை இப்போதே எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கைம்பெண்ணின் 60 சென்ட் இரண்டாவது வரியில் இருக்கிறது. ஆலய நிலம் கடைசி வரியில். அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு முதலில் எழுதும்படி இதுவரை மூவர் வந்து கேட்டுச் சென்றிருக்கின்றனர். அவர்களில் ஒருவர், இரண்டாவது வரியில் இருப்பவர்.