நினைவும் உயிரும்

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்கு, மூளையில் அந்நோய் எழுதற்கு நிலைக்களனான பகுதியை அறுத்து நீக்கும் சத்திர வைத்தியம் இன்று பல நாடுகளிலும் செய்யப்படுகின்றது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இது நடந்து வருகின்றது. இதனாற் பெரும்பயன் உண்டென்பதில் ஐயமில்லை. கனடா நாட்டில் நோயாளர் 80 பேரை இருபாலாக வகுத்து ஓராண்டு நோக்கிய ஆராய்ச்சி 2001-இல் வெளிவந்தது. அதில், சத்திரத்துக்கென வகுக்கப்பட்டாருள் நூற்றுக்கு 58 பேர் அறிவை மயக்கும் வலிப்பினின்றும் விடுபட்டனர். மருந்தளவில் நின்றாருள் நூற்றுக்கு 8 பேரே அங்ஙனம் விடுபட்டனர்.

ஆயினும் நோய் நீங்கியார் எல்லாரும் குறைவற்ற வாழ்வு பெறுகின்றார் என்பதற்கில்லை. சத்திரம் பெரிதும் செய்யப்படுவது பொட்டுமடல் என்னும் பகுதியிலாகும். அஃது இடப்பக்கத்ததாயின், சிலர்க்குப் பின்னர் ஆட்பெயரும் பொருட்பெயரும் நாவில் வாரா. புதிதாகக் கேட்ட சொல் நெஞ்சில் நில்லாது. சிலர்க்குப் பார்வையின் மேற்புறத்து ஒரு மூலை மறையும். சிலர்க்குக் காரணந் தோன்றாச் சோர்வு சில திங்கள் தொடரும். ஆகவே ஈண்டு ஆராயப்புக்க வினா இரண்டு. நினைவு குன்றியவர் முன்னிருந்தவரே யாவரோ? ஆவரெனின், அவர்பால் நாம் ஆற்றற்பாலது யாது?

இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்பிய வாழ்வு ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்தில் 1926-இல் பிறந்த ஹென்றி மொலைசன் என்பார் இளமை தொட்டே வலிப்பால் வருந்தினார். 1953-இல், அவரது இருபத்தேழாம் அகவையில், வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திர வைத்தியர் அவரது மூளையின் இருபுறத்தும் பொட்டுமடலின் உட்பகுதியை நீக்கினார். கடற்குதிரையை ஒத்த வடிவினதாகலின் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. வலிப்பு மிகத் தணிந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. சற்று முன் உரையாடினவர் அறையை விட்டு நீங்கி மீண்டு வரின், அவர் புதியவராகவே தோன்றினார். இளமை நிகழ்ச்சிகள் பல நினைவில் இருந்தன, மதிநுட்பம் குறையவில்லை, இன்சொல்லும் பணிவும் மாறவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரை ஆராய்ந்து ஸ்கோவிலுடன் 1957-இல் எழுதிய கட்டுரை, இருபுறமும் அறுத்தலின் தீங்கை உலகுக்கு எச்சரித்தது. மொலைசன் 2008-இல் மறைந்தார்.

இதனைக் கேட்ட உலகாயதர், "கத்தி பட்ட அளவில் நினைவு போயிற்று, நினைவே ஆள், ஆகலின் மூளையின் வேறாய் உயிரென ஒன்றில்லை" என்பர். உயிர்க்கொள்கையை மறாத ஜான் லாக் என்னும் ஆங்கில நாட்டறிஞரும், ஒருவன் நேற்றிருந்தவனே இன்றும் உளன் என்பதற்கு அவனது உணர்வின் தொடர்ச்சியையே அளவாகக் கொண்டு 1694-இல் எழுதினர். இவ்விரண்டனையும் முறையே ஆராய்வாம்.

உலகாயதர் கூற்று சித்தாந்திக்குப் புதிதன்று. உயிர் கருவிகளோடு கூடியன்றி அறியமாட்டாது என்பது நம் கொள்கையே. சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், அந்தக்கரணங்களுள் ஒன்றும் உயிரன்று என்பதனையும், அவற்றொடு கூடியும் நீங்கியும் உயிர் அவத்தைப்படும் என்பதனையும் ஒருங்கே விளக்குகின்றது. கருவி கெட்டவழி அறிவு தடைப்படுதல் கண்டு மருள்வது, விளக்கு அவிந்த இருளறையில் இருப்பவனை இறந்தான் என்பதனோடு ஒக்கும். கேவலத்தில் உயிர் ஒன்றையும் அறியாது கிடக்கின்றது. அதனால் இல்லாது போயிற்று என நாம் கூறுவதில்லை. கத்தி காட்டியது கருவியின் கேட்டையே. அதனால் உயிருண்மை நிறுவப்பட்டதெனவும் யாம் கூறவரவில்லை; மறுக்கப்பட்டிலது என்னும் அளவே ஈண்டு அமையும்.

இனி லாக் கூறிய அளவை நோக்குவாம். மொலைசன் கண்ணாடியில் மட்டும் தம் கையை நோக்கி, விண்மீன் வடிவின் இரு கோடுகட்கிடையே எழுதுகோல் செலுத்தப் பயிற்றப்பட்டார். நாள்தோறும் அவ்வேலை அவர்க்குப் புதிதாகவே தோன்றியது. எனினும் மூன்று நாளிற் பிழை மிகக் குறைந்தது. கற்றது கையில் நின்றது; கற்றேன் என்னும் நினைவு நிற்கவில்லை. அவ்வாறாயின் நேற்றுப் பயின்றவர் யார்? இன்று அப்பயிற்சியின் பயனைக் கொண்டவர் யார்? இருவரெனின், ஒருவர் முயற்சிக்கு மற்றொருவர் பயன் கொண்டாராவர். அது பொருந்தாது. ஆதலின் நினைவின் தொடர்ச்சியின்றியும் உடையவன் ஒருவனே என்பது பெறப்படும். மூளையே அவ்வொருமையைத் தரும் என்பார்க்கும், நினைவே ஆள் என்னும் கூற்றை விடுதலன்றி வேறு வழியில்லை.

சித்தாந்திக்கு இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. முற்பிறவி நம்முள் யார்க்கும் நினைவிலில்லை. அப்பிறவியில் ஈட்டிய வினையை இப்பிறவியில் நுகர்கின்றோம் என நாம் உடன்படுகின்றோம். நினைவற்றமையால் உயிர் வேறாயிற்று என ஒருவரும் கூறுவதில்லை. அங்ஙனமாக, ஒரு பிறவிக்குள்ளேயே நினைவிழந்த ஒருவரைக் கண்டு "இவர் பழைய ஆளல்லர்" என்பது நமக்கு எவ்வாற்றானும் ஒவ்வாது. நம் எல்லாருடைய மறதியும் அவரிடத்துக் கண்கூடாயிற்று என்பதே உண்மை.

இனி இரண்டாம் வினா. மொலைசன் தமக்கு இனிய உறவினர் ஒருவர் இறந்தமை கேட்டு மிக வருந்தினார். பின் அதனை மறந்து, அவர் எப்பொழுது வருவார் என அவ்வப்போது வினவினார். மறக்கப்படும் துயரம் துயரமன்று என்பார் உளராயின், நுகர்ச்சி நுகருங்காலத்தே முற்றுப்பெறுவதென்பதை அவர் எண்ணிலர். நினைவில் நில்லாமையால் பட்ட துன்பம் படாததாகாது; பெற்ற அன்பும் பெறாததாகாது. மறந்துவிடுவார் என்று கருதி ஒருவரிடம் கடுஞ்சொற் கூறுவது, உறங்குவானிடத்துக் களவு செய்வதனை ஒக்கும்.

மற்றொரு தவறு நம்மவரிடத்தே உண்டு. "வினைப்பயன், உயிர்க்குக் கேடில்லை" எனச் சொல்லி அகல்வது அது. வினையென்னும் உண்மை, தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் புறக்கணித்தற்குக் கருவியன்று. கருவியின்றி உயிர் அறியாது என ஒப்புக்கொண்டவர்க்கு, கருவி குன்றியவரிடத்துக் கடமை மிகுமேயன்றிக் குறையாது.

யாம் நன்கறிந்த அன்பர் ஒருவர் இளமையில் திருமுறை ஓதிப் பயின்றவர். பல்லாண்டு வருத்திய வலிப்பு சத்திரத்தால் நின்றது. சிறுவயதில் ஓதிய பதிகங்கள் இன்றும் பண்ணோடு வருகின்றன. புதிய பதிகம் ஒன்று திங்கள் கடந்தும் நிற்கவில்லை. அவையில் நெடுநாட் பழகினார் பெயரும் வாய்க்கு வருவதில்லை. "வலிப்புத்தான் நின்றதே, இன்னும் என்ன குறை?" என்பர் வீட்டார். வெளியிற் காண்பாரோ, "என்னைத் தெரிகிறதா, பெயர் சொல்லும் பார்ப்போம்" எனச் சோதிக்கின்றனர். அவர் நகைத்துத் தலைகுனிகின்றார். மனப்பாடத்தையே கல்வியின் உரைகல்லாகக் கொண்ட நம்மனோர் கூட்டத்தில் இக்குனிவு எத்துணைக் கொடிதென்பதை நாம் உணர்தல் வேண்டும்.

செய்யற்பாலன பெரியனவல்ல. எதிர்ப்பட்டவுடன் தம் பெயரைத் தாமே முற்படக் கூறுக. மறந்ததை மறுபடி கேட்பின் முதன்முறை போலவே விடையிறுக்க. குறிப்பேட்டையும் கைப்பேசிக் குறிப்பையும் பார்த்து ஓதுவாரை இழிவாகக் கருதற்க. பார்வை குன்றியவர்க்கு மூக்குக்கண்ணாடி போல அவை துணைக்கருவிகளே. வலிப்பு நின்றதெனக் கருதி வைத்தியர் சொல்லாது மருந்தை நிறுத்தற்க. சோர்வு கண்டவழிச் சோம்பலெனப் பழியாது வைத்தியரிடம் உரைக்க.

மடங்களிலும் பாடசாலைகளிலும் இத்தகையார் வந்து ஓத விரும்பின், எத்தனை பாட்டு நெஞ்சிற் கொண்டனர் என எண்ணாது, ஓதும் பொழுதில் ஓதுகின்றாரா என்பதையே நோக்கி அவர்க்கு இடமளித்தல் ஆசிரியர் கடனாகும். அவர் மறந்தாலும் ஓதியது ஓதியதேயாம்.