ஓடுவதும் நிற்பதும்: மரதன் பயிற்சி எழுப்பும் ஓர் ஒழுக்கவியல் வினா

மரதன் ஓட்டத்தைப் பார்வையாளன் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு நிகழ்ச்சியாகவே அறிகிறான். ஓடுபவனுக்கோ அது மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக நீளும் ஒரு வாழ்க்கைமுறை. 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921 இல் நிலையான அளவாக ஏற்கப்பட்ட 42.195 கிலோமீற்றர், அவன் பயிற்சிக் காலத்தில் ஓடித் தீர்க்கும் தூரத்தில் மிகச் சிறிய ஒரு கூறேயாகும். நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட் தம் மாணவர்களுக்கு வகுத்த முறையில் வாரமொன்றுக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்தது. இவ்வுழைப்பு முழுவதும் வருங்காலத்து ஒரு நாளின் பொருட்டு நிகழ்கின்றது. அந்நாளில் ஓடப்போகும் மனிதனுக்காக இன்றைய மனிதன் தன் உறக்கத்தையும் உணவையும் உறவையும் விட்டுக்கொடுக்கின்றான். இன்றைய தன்னை நாளைய தனக்காக எவ்வளவு தூரம் ஒருவன் செலவிடலாம்? அவ்வாறு செலவிடுமாறு இன்னொருவர் அவனைப் பணிக்கலாமா? பயிற்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் விடாமுயற்சியைப் புகழ்ந்துவிட்டு அமைவது நமது வழக்கமாதலால், இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே போகின்றன.

முதலிற் பயிற்சியின் இயல்பை நோக்குதல் வேண்டும். ஓடும்பொழுது உடல் வலுவடைவதில்லை, நலிவடைகின்றது. தசை நார்கள் நுண்ணிய சிதைவுக்குள்ளாகின்றன. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் குறைகின்றது. ஓட்டத்தின் பின் வரும் ஓய்விலேயே உடல் தன்னைச் செப்பனிட்டு, முன்னிருந்த நிலைக்குச் சற்று மேலே எழுகின்றது. ஆகவே இறக்கமின்றி ஏற்றமில்லை என்பது இங்கு வெறும் ஆறுதல் வார்த்தையன்று, உடற்றொழிலியலின் விதி. ஓய்வு மறுக்கப்படும்பொழுது அதே உழைப்பு எதிர்விளைவைத் தருகின்றது. நேற்று இலகுவாக ஓடிய தூரம் இன்று பாரமாகின்றது, காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழமையிலும் விரைகின்றது, உறக்கம் கெடுகின்றது, சினம் மிகுகின்றது. இந்நிலையை அடைந்த ஓட்டக்காரன் பெரும்பாலும் செய்வது யாதெனில், தன் முயற்சி போதவில்லையெனக் கருதி மேலும் ஓடுவதேயாகும்.

இன்னுமொரு செய்தியும் உண்டு. இருதயமும் நுரையீரலும் தசைகளும் சில வாரங்களிலேயே புதிய உழைப்புக்குப் பழகிவிடுகின்றன. தசைகளை எலும்புகளோடு இணைக்கும் நாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. மூச்சு வாங்காமல் ஓட முடிகின்றதே என்ற மகிழ்ச்சியில் தூரத்தைக் கூட்டுபவன் அதனாலேயே முடமாகின்றான். அவனை வீழ்த்துவது சோம்பலன்று, ஊக்கமே. திருக்குறளில் ஆள்வினையுடைமை ஓர் அதிகாரமாகவும் வலியறிதல் வேறோர் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. மேடைகளில் முன்னையது கேட்கப்படும் அளவுக்குப் பின்னையது கேட்கப்படுவதில்லை.

இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலில், மனிதத் தன்மையை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என விதித்தார். இவ்விதி பிறரை நடத்தும் முறைக்கு மட்டும் உரியதன்று. தன்னைத் தான் நடத்தும் முறைக்கும் உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சி பெறும் எவனும் தன்னைக் கருவியாக்கியே தீர்வான். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் விழித்திருக்கும் மாணவனும் இதற்கு விலக்கல்லன். ஆதலின் கான்றின் விதியில் உயிர்ப்பான சொல் 'கருவி' என்பதன்று, 'மட்டும்' என்பதேயாம். கருவியாகிய தானும் அக்கருவியைப் பயன்படுத்தும் தானும் ஒருவனே என்ற நிலை நீடிக்கும்வரை குற்றமில்லை. அந்நிலை எப்பொழுது முறிகின்றது என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து ஆராய்வது பயனுடைத்து.

சுபுராயா கொக்கிச்சி 1940 ஆம் ஆண்டு யப்பானின் புக்குஷிமா மாகாணத்திற் பிறந்தவர். ஏழு பிள்ளைகளுட் கடைசிப் பிள்ளை. பாடசாலைக் கல்வியின் பின் யப்பானியத் தரைத் தற்காப்புப் படையிற் சேர்ந்து அங்கேயே ஓட்டக்காரராக வளர்க்கப்பட்டார். மரதன் தூரத்தை அவர் முதன்முதலாக ஓடியது 1964 ஆம் ஆண்டின் இளவேனிலில். அதே ஆண்டு ஒக்ரோபர் 21 ஆம் திகதி ரோக்கியோ ஒலிம்பிக் மரதனில் எதியோப்பியரான அபேபே பிக்கிலாவுக்கு அடுத்தவராக அவர் மைதானத்துள் நுழைந்தார். எழுபதினாயிரம் பேர் எழுந்து ஆரவாரித்தனர். ஓடும்போது திரும்பிப் பார்க்கலாகாது எனத் தந்தை சிறுவயதிற் கற்பித்ததை அவர் இறுதிவரை கடைப்பிடித்தார் என்பர். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆங்கிலேயர் பசில் ஹீற்லி கடைசிச் சுற்றில் அவரை முந்தினார். வேறுபாடு மூன்றரைச் செக்கனுக்குச் சற்றே அதிகம்.

மூன்றாமிடம் பெற்றமை தோல்வியன்று. அவ்வொலிம்பிக்கில் யப்பான் தடகளப் போட்டிகளிற் பெற்ற ஒரே பதக்கம் அதுவே. ஆயினும் தம் நாட்டு மக்கள் முன்னிலையில் முந்தப்பட்டதைத் தாம் செய்த பிழையாகவே சுபுராயா கொண்டார். 1968 இல் மெக்சிக்கோவில் அதனைத் திருத்துவதென்பது அவர் தம்மீது ஏற்றிக்கொண்ட கடனாயிற்று. இதுவரையும் அது அவருடைய கடனே. பின்னர் நிகழ்ந்தவற்றிற் பிறருடைய கைகளும் உள்ளன. அவர் மணம் புரிய விரும்பிய பெண் இருந்தாள். ஒலிம்பிக் முடியும்வரை திருமணம் வேண்டாமென மேலதிகாரி தடுத்தார். அத்திருமணம் நிகழாமலே போயிற்று. அவருக்காகப் பேசக்கூடியவராயிருந்த பயிற்றுநர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். முதுகெலும்பு நோயும் குதிநாண் நோயும் வாட்டின. 1967 இற் சத்திரசிகிச்சை நடந்தது. பழைய வேகம் மீளவில்லை. 1968 ஜனவரி 9 ஆம் திகதி, தமது இருபத்தேழாவது வயதில், படைவிடுதி அறையில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில், புத்தாண்டுக்குத் தாம் ஊர் சென்றபோது பெற்றோரும் சகோதரரும் அவர்தம் துணைவியரும் அளித்த உணவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சுவையாயிருந்தன என நன்றி கூறியிருந்தார். தாம் முற்றாகக் களைத்துவிட்டதாகவும் இனி ஓட இயலாதெனவும் எழுதியிருந்தார்.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் காட்டுதல் எளிது. பெரும்பாலும் அது பிழையுமாகும். ஆகவே பயிற்சியே அவரைக் கொன்றதென முடிப்பது இங்கு நோக்கமன்று. கவனிக்க வேண்டியது அக்கடிதத்தின் இயல்பேயாகும். களைத்துவிட்டேன் என்பது ஓட்டக்காரன் ஒருவன் வாரந்தோறும் தன் பயிற்றுநரிடம் கூறக்கூடிய, கூறவேண்டிய மிகச் சாதாரண வாக்கியம். அதைக் கூறியவுடன் பயிற்றுநர் இரண்டு நாள் ஓய்வு கொடுப்பார்; அல்லது மெதுவாக ஓடு என்பார். சுபுராயாவின் வாழ்வில் அவ்வாக்கியத்தைச் சொல்வதற்குரிய இடம் இல்லாது போயிற்று. நிற்பதற்கான உரிமை ஒருவனிடமிருந்து எடுக்கப்பட்டபின், அல்லது அவனே அதனைத் துறந்தபின், அவன் செய்யும் பயிற்சி புறத்தோற்றத்தில் முன்போலவே இருக்கும். அதே பாதை, அதே தூரம், அதே அதிகாலை. ஆனால் கருவியைப் பயன்படுத்தும் கை இப்பொழுது அவனுடையதன்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. நிற்கும் உரிமையை ஓட்டக்காரனிடம் கொடுத்துவிட்டால் எவன்தான் முப்பதாவது கிலோமீற்றரைத் தாண்டுவான்? கிளைக்கோசன் தீரும் அவ்விடத்தில் உடல் முழுவதும் நின்றுவிடு என்றே கூவுகின்றது. அக்கூவலைக் கேளாதிருக்கப் பழகுவதன்றோ பயிற்சி? பிக்கிலாவையே எடுத்துக்கொள்க. ரோக்கியோப் போட்டிக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னர் அவருக்குக் குடல்வால் அறுத்து நீக்கப்பட்டது. வைத்தியத் துறையினர் எவரும் மரதன் ஓடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஓடினார், 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் முடித்தார். அதுவே அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரம். உடலின் முறைப்பாட்டை மதிக்க வேண்டுமெனின் பிக்கிலா செய்தது பிழையாகிவிடுமே.

1976 இல் பேணாட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் ஒழுக்கவியலில் அதிர்ஷ்டத்தின் இடத்தைப் பற்றி வாதித்தனர். ஒரே தன்மையான இரண்டு செயல்கள், அவற்றைச் செய்தவனின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விளைவுகளால் ஒன்று துணிவெனவும் மற்றையது மடமையெனவும் பெயர் பெறுகின்றன. பிக்கிலாவின் காயம் அன்று பிரிந்திருப்பின் அவரை எடுத்துக்காட்டாகக் கூறுவார் இரார். வென்றவரிடமிருந்து பயிற்சி நெறியைக் கற்பதிலுள்ள இடர்ப்பாடு இதுவே. அவ்வாறே செய்து முடமானவர்களின் வரலாறு எழுதப்படுவதில்லை. ஆயினும் மறுப்பு முற்றாக வீழ்ந்துவிடவில்லை. நிற்கச் சொல்லும் குரல்கள் இரண்டு உள்ளன. ஒன்று சோம்பலின் குரல், மற்றையது உண்மையின் குரல். இரண்டும் ஒரே சொற்களையே பேசுகின்றன. அவற்றைப் பிரித்தறியும் ஆற்றலுக்கு விதி எதுவும் எழுத இயலாது. அரிஸ்ரோட்டில் நடைமுறை விவேகம் எனக் குறித்தது இத்தகைய அறிவையே. அது நூலினால் வருவதன்று, பழக்கத்தினால் வருவது. உடற்பயிற்சி பற்றி அவர் அறியாதவருமல்லர். சிறுவராயிருந்தபோது ஒலிம்பியாவில் வென்றவர்களுள் வளர்ந்தபின்னும் வென்றவர் இரண்டு மூன்று பேரே எனச் சுட்டி, இளமையிற் கடும்பயிற்சி வலிமையை அழிக்கின்றது என அரசியல் நூலின் எட்டாம் புத்தகத்தில் எழுதியுள்ளார். ஆக, தொடர்ந்து ஓடுவது மட்டுமன்றி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதும் பயிற்சியாலேயே கைவருகின்றது. பயிற்றுநரின் கடமையும் இங்குதான் உள்ளது. அவர் மாணவனுக்குப் பதிலாக அவனது களைப்பை அளக்கலாம். ஆனால் தன் களைப்பைத் தானே அளக்கும் ஆற்றலை அவனிடமிருந்து பறித்துக்கொள்ளலாகாது.

பலனைக் கருதாமற் கருமத்தைச் செய் என்னும் கீதையின் போதனையை இவ்விடத்தில் துணைக்கழைப்பவர் உளர். ஓட்டக்காரனுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் மேலதிகாரி ஒருவர் கீழுள்ளவனுக்கு அதனைக் கூறும்போது கவனமாயிருத்தல் வேண்டும். பலன் அதிகாரிக்கும் கருமம் மற்றவனுக்குமாகப் பிரிந்துவிடக்கூடும். அன்றியும் சுபுராயாவுக்குப் பலனைக் கருதாதே என எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. பலனையன்றி வேறெதனையும் கருதாதே என்றே எல்லோரும் சொன்னார்கள்.

பலனில்லாத ஓட்டம் ஒன்றும் அதே மைதானத்தில் ஒரு வாரத்துக்கு முன்னர் நிகழ்ந்தது. ஒக்ரோபர் 14 ஆம் திகதி நடந்த 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கையரான இரணதுங்க கருணானந்தா கலந்துகொண்டார். அமெரிக்கரான பில்லி மில்ஸ் எவரும் எதிர்பாராத வகையில் வென்றமையால் நினைவுகூரப்படும் ஓட்டம் அது. அதே ஓட்டத்தில் ஆறாவதாக வந்தவர் சுபுராயா என்பதும் இங்கு குறிப்பிடற்பாலது. தொடங்கியோருட் சிலர் இடையில் விலகிவிட்டனர். கருணானந்தாவோ முன்னே சென்றவர்களாற் பல சுற்றுக்கள் பின்தள்ளப்பட்டு, எல்லோரும் முடித்த பின்னரும் தனித்து ஓடிக்கொண்டிருந்தார். முதலில் நகைத்த கூட்டம் பிறகு மெளனமாகி, அவர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது வென்றவருக்குரிய கரகோஷத்தை அவருக்கும் அளித்தது. யப்பானியப் பாடசாலைப் பாடநூலில் அவரது ஓட்டம் பின்னர் ஒரு பாடமாயிற்று.

இச்சம்பவத்தை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அது போதாது. ஏனெனில் முடித்தமை மட்டுமே பெருமையெனின், இடையில் விலகியோர் இழிந்தவராதல் வேண்டும். அவர்கள் தத்தம் உடல்நிலையை அறிந்து விலகியிருக்கலாம், அவர்கள்மேற் குற்றமில்லை. கருணானந்தாவும் அவ்வாறு விலகியிருப்பின் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். எவரும் கவனித்திருக்கவும் மாட்டார். நிற்பது அவருக்கு முற்றாகத் திறந்திருந்த வழி. திறந்திருந்த அவ்வழியைச் சுற்றுக்குச் சுற்று கடந்து அவர் ஓடினார் என்பதிலேயே அச்செயலின் ஒழுக்கப் பெறுமதி தங்கியிருக்கின்றது. ஒரே ஓட்டத்தில் ஆறாவதாக வந்தவரும் இறுதியாக வந்தவரும் ஒரே பாதையிற் கால் பதித்தனர். எத்தனை சுற்றுப் பின்தங்கினாலும் தமக்கே சொந்தமாயிருந்த ஓர் ஓட்டம் பின்னவருக்கு வாய்த்தது. முன்னவருக்கும் அன்று அது வாய்த்திருந்திருக்கலாம். அடுத்த வாரத்தின் பின் வாய்க்கவில்லை.

சுபுராயாவின் தோழரும் போட்டியாளருமாகிய கிமிஹரா கென்ஜி ரோக்கியோ மரதனில் எட்டாவதாக வந்தவர். அப்போட்டியின் பின் ஓட்டத்தையே கைவிடும் மனநிலையில் இருந்தார். அவருக்கு இடைவேளை கிடைத்தது, திருமணமும் நடந்தது, 1966 இல் பொஸ்ரன் மரதனை வென்றார். 1968 ஒக்ரோபர் 20 ஆம் திகதி மெக்சிக்கோவில் எதியோப்பியரான மாமோ வோல்டேக்கு அடுத்தவராக அவர் மைதானத்துள் நுழைந்தபோது, நியூசிலாந்தின் மைக் றயன் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தார். நான்காண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது மீண்டும் நிகழும்போல் இருந்தது. ஓடும்போது திரும்பிப் பார்ப்பது கிமிஹராவின் வழக்கமன்று. அன்று அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வேளையிற் சுபுராயாவைத் தாம் நினைத்ததாகப் பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். பின்னால் வருபவரைக் கண்டபின் எஞ்சியிருந்த வலிமையைக் கூட்டி ஓடி, பதினான்கு செக்கன் முந்தி இரண்டாமிடத்தைப் பெற்றார்.