ஜீப் வண்டியும் மனச்சாட்சியும்



விலையுயர்ந்த பெரிய வாகனமொன்றை வாங்கி ஓட்டுவது குற்றமா? வன்னியில் இன்று வீட்டு விறாந்தைகளிலும் ஆலய முற்றங்களிலும் அடிபடும் கேள்வி இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர் பேச்சு இன்னும் கூடியிருக்கின்றது. பின்புறத்தில் ‘ஹைபிரிட்’ என்ற எழுத்தைத் தாங்கிய உயரமான வண்டிகளைக் கிளிநொச்சிக் கடைத்தெருவிலும் வவுனியா மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் காண்கிறோம். அவற்றின் சரியான பெயர்கள் பல. நம் மக்கள் எல்லாவற்றையும் ஜீப் என்றே அழைக்கின்றனர். நாமும் அப்படியே அழைப்போம்.

கேள்விக்கு இருவிதமான பதில்கள் உடனே வந்துவிடும். “அவன் உழைத்த காசு, உனக்கென்ன?” என்பது ஒன்று. “ஊர் கிடக்கிற கிடையில் இவனுக்கு இது தேவையா?” என்பது மற்றது. முதலாவதில் அகந்தையும் இரண்டாவதில் பொறாமையும் கொஞ்சம் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரு பேச்சில் பொறாமை கலந்திருப்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. எனவே இரண்டையும் ஒதுக்கிவைத்து, உரிமையாளர் தாமே சொல்லும் மூன்றாவது பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம்: “சுவாமி, இது ஹைபிரிட். பெற்றோல் குறைவு, புகையும் குறைவு.”

இது பொய்யல்ல. 1997 இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டபோது உலகமே வியந்தது. சாதாரண வண்டியில் பிறேக் அழுத்தும்போது ஓட்டத்தின் சக்தி வெறும் சூடாக வீணே போகின்றது. ஹைபிரிட் வண்டியோ அந்தச் சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றிப் பற்றறியில் சேமித்து, மீண்டும் புறப்படும்போது மின்மோட்டாருக்குக் கொடுக்கின்றது. ஆகவே நின்று நின்று ஓடும் கொழும்பு நெரிசலில்தான் அதன் முழுப் பலனும் தெரியும். வவுனியாவிலிருந்து மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிவரை, மேடு பள்ளமின்றி நேரே கிடக்கும் ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது பிறேக்குக்கே வேலை குறைவு. அங்கே வண்டியை இழுப்பது பெரும்பாலும் பெற்றோல் எஞ்சின்தான். அத்துடன் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ எடையுள்ள இரும்பையும் கண்ணாடியையும் தோலையும், எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதனுக்காக இழுக்கின்றது. அதே பெரிய வண்டி ஹைபிரிட் இல்லாமல் இருந்தால் இன்னும் கூடக் குடிக்கும் என்பது மெய். அவர் மோட்டார் சைக்கிளிலோ சிறிய காரிலோ போயிருந்தால் அதைவிட மிகக் குறைவாகச் செலவாகியிருக்கும் என்பதும் மெய்.

1865 இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு விந்தையைக் கவனித்தார். நீராவி எஞ்சின்கள் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியபின் இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. சிக்கனமாக ஓடுவதால் மேலும் மேலும் ஓட்டினார்கள். மனச்சாட்சியிலும் இதே கணக்கு நடைபெறுவதுண்டு. ஒரு சிறிய புண்ணியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய ஆசையொன்றுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்கிறோம். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டால் கேள்வி பழைய கேள்விதான்: இத்தகைய வண்டியை நான் வைத்திருக்கலாமா?

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. தேவை என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. 1776 இல் அடம் ஸ்மித் எழுதிய பெருநூலில் லினன் சட்டையை உதாரணமாகக் காட்டுகிறார். பண்டைய உரோமர் அது இல்லாமலே சுகமாக வாழ்ந்தனர்; அவர் காலத்துக் கூலியாளோ அது இல்லாமல் வெளியே வர வெட்கப்பட்டான். ஒரு தலைமுறையின் ஆடம்பரம் மறு தலைமுறையின் அவசியமாகிவிடுகின்றது. மாட்டு வண்டியில் நாட்கணக்காகப் பயணம் செய்து மடுத்திருவிழாவுக்குப் போன நம் பாட்டன்மாருக்கு இன்றைய ஹையேஸ் வான் அரச வாகனமாகவே தோன்றியிருக்கும். மேலும் வன்னி, வன்னிதான். மாரியில் துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளையும் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பாதைகளையும் அறிந்தவர்கள், உயரமான பலமான வண்டியொன்றை ஆடம்பரம் என்று எளிதில் சொல்லமாட்டார்கள். வெள்ளத்தில் கார் நின்றுவிடும், ஜீப் போகும்.

ஆனால் சேற்றைக் கடப்பது சில்லின் உயரம். இருக்கையின் தோல் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கேள்வி பாதி தீர்ந்துவிடும். பத்து வருடப் பழைய கப் வண்டியும் அதே வெள்ளத்தைக் கடக்கும், நெல் மூட்டையும் ஏற்றும். அதற்கு மேலே கொடுக்கப்படும் பெருந்தொகை எதற்காக? சொகுசுக்காக ஒரு பங்கு. மிகுதி, மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எம் மண்ணில் வாகனம் என்பது வெறும் இரும்பாக ஒருபோதும் இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாகிப் போனபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். இரண்டு சக்தியில் ஓடும் வண்டி வன்னிக்குப் புதிதல்ல என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2008 செப்டெம்பரில், அரசாங்கத்தின் உத்தரவின்படி ஐக்கிய நாடுகளின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். போகவேண்டாம் என்று அவர்களது வாசலில் நின்று மன்றாடிய மக்களைக் கடந்து அந்த வெள்ளை வாகனங்கள் போயின. எஞ்சியவர்களின் பாத்திரம் பண்டங்களையும் வயோதிபரையும் காயப்பட்டோரையும் உழவு இயந்திரப் பெட்டிகள் சுமந்தன, சைக்கிள்கள் சுமந்தன. 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்கால் மணலில் அவை எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். யாருடைய வண்டியில் யார் ஏறினார்கள், யார் ஏற்றாமல் போனார்கள் என்பதைப் பல குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகையால், இங்கே ஒருவர் வண்டி வாங்குவது கொழும்பில் ஒருவர் வாங்குவதைப் போன்றதன்று.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் சொத்துரிமை பற்றி ஆராயுமிடத்து நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருளைத் தேடவும் பராமரிக்கவும் மனிதனுக்கு உரிமையுண்டு. தனக்கென்று இருந்தால்தான் அதைக் கவனமாகப் பேணுவான். ஆனால் பயன்படுத்துவது என்று வரும்போது, அதைத் தனக்கு மட்டும் உரியதாகக் கருதாமல் பொதுவானதாகக் கருதி, தேவையில் இருப்பவனோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும். நம் வள்ளுவரும் ஈகை அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். ஈகை வறியவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழத் தெரிவது. ஆகவே ‘வைத்திருக்கலாமா?’ என்பதற்கு, ‘வைத்திருக்கலாம், எதற்காக, யாருக்காக என்பதைச் சொல்ல முடியுமானால்’ என்பதே எனது விடை.

அதற்கு முன் இன்னொரு கேள்வி: வாங்கிய காசு யாருடையது? ரொறன்ரோவில் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடுகின்ற தமையன் தன் வீட்டுக் கடனைக் கட்டி முடிக்காமலே அனுப்பிய பணமா? அல்லது லீசிங் கம்பனியின் பணமா? வன்னியில் கடன் பட்ட பாடு சொல்லி முடியாது. நுண்கடன் கட்ட முடியாத பெண்களுக்காக 2018 இல் அரசாங்கமே தலையிட்டு நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. உழவு இயந்திரத்துக்குப் பட்ட கடனையாவது வயல் அடைக்கலாம். மதிப்புக்காக வாங்கிய ஜீப்பின் கடனை எது அடைக்கும்? பெரும்பாலும் மனைவியின் தாலிக்கொடிதான்.

நாட்டின் காசு என்றும் ஒன்று உண்டு. ஜீப் டொலரில் வருகின்றது. அந்த டொலரை ஈட்டித் தருபவர்கள் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மார், மத்திய கிழக்கில் பணிப்பெண்களாக உழைக்கும் சகோதரிகள், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் தைக்கும் நம் பிள்ளைகள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தபோது மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் இருந்தது. அவ்வருடம் யூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. பெரிதாக வைத்திருந்தவனுக்குத் தட்டுப்பாட்டிலும் பெரிதாகக் கிடைத்தது. இதை நியாயம் என்பதா? இயந்திரத்தின் தேவையை அளந்தார்கள், மனிதனின் தேவையை அளக்கவில்லை. “நான் கட்டிய வரியில் அரசாங்கத்துக்கு வருமானந்தானே” என்று உரிமையாளர் சொல்லலாம். அதில் உண்மையுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் வரி ரூபாயில் கட்டப்படுகின்றது, டொலர் நாட்டை விட்டுப் போகின்றது.

‘சுவாமிமார் மட்டும் என்னவாம்?’ என்று கேட்க நினைப்பவர்கள் கேட்கலாம். பாப்பரசர் பிரான்சிஸ் 2013 யூலையில் குருமாணவரையும் நவகன்னியரையும் சந்தித்தபோது, குருவோ கன்னியரோ புத்தம் புதிய காரில் வருவதைக் காண்பது தமக்கு வேதனை தருவதாகக் கூறினார். தூரப் பணிக்குக் கார் தேவைதான், தாழ்மையானதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே அவர் சொன்னதின் சாரம். 2017 இல் லம்போர்கினி நிறுவனம் அவருக்கென ஒரு வெள்ளைக் காரைப் பரிசளித்தது. அவர் அதில் கையெழுத்திட்டு ஏலத்துக்கு அனுப்பினார். அப்பணத்தின் ஒரு பங்கு ஈராக்கின் நினிவே சமவெளியில் இடிக்கப்பட்ட வீடுகளை மீளக் கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டது. வீடு இடிந்த வேதனை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வன்னியில் பங்குப் பணிக்கு வாகனம் வேண்டும். எத்தகையது என்பதில் பங்குமக்களும் வாய் திறக்கலாம், அது அவமரியாதையாகாது.

சொந்தம் கொண்டாடுவது ஒருநாள் தீர்மானம். ஓட்டுவதோ அன்றாடத் தீர்மானம். இந்நாட்டில் ஊர்மனைக்கு வெளியே காருக்கு விதிக்கப்பட்ட வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அதைப்போல் இருமடங்கு ஓடக்கூடிய இயந்திரத்தை வாங்கிவிட்டு எழுபதில் ஓட்டுவது கடினமான தபசு என்பதை ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் அதே வீதியோரத்தில்தான் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். இரவானதும் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடுவீதியில் படுத்துவிடுகின்றன. முன் வெளிச்சமில்லாத லாண்ட்மாஸ்டர் திடீரென்று குறுக்கே வரும். உயரத்தில், கண்ணாடி பூட்டி, குளிரூட்டிச் சத்தத்துக்குள் இருப்பவருக்குப் புழுதியும் தெரியாது, பிறரது திகைப்பும் தெரியாது. ஒருவர் மோதுண்டால், எடை கூடிய வண்டியில் இருப்பவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். சைக்கிளில் வந்தவர் தப்புவது அரிது. ஆகவே கூடிய பொறுப்பு அவருடையதே. பாரி வள்ளல் தன் தேரை முல்லைக் கொடிக்கு விட்டுச் சென்ற கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தேரைக் கொடுக்கும்படி யாரும் இங்கே கேட்கவில்லை. கொடியைக் கண்டதும் அவன் தேரை நிறுத்தினான் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

“ஊரில் அவசரம் என்றால் என் ஜீப்தானே ஓடும்” என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். முன்பு அது உண்மையாயிருந்தது. இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வடக்கிலும் வருகின்றது. நள்ளிரவு அவசரம் அரிது. சாதாரண அவதியோ ஒவ்வொரு கிழமையும் வருகின்றது. வவுனியா மாவட்டத்தின் உட்கிராமங்களில் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கின்றனர். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிழமையில் இரண்டு மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டியவர்கள் அவர்கள். விடியற்காலையில் துணைக்கு ஒருவருடன், கையில் கிளினிக் கொப்பியோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகும் ஜீப்புகள் அதே நேரத்தில், அதே வீதியால், அதே பட்டணத்துக்குத்தான் போகின்றன. சாரதியைத் தவிர மற்ற நான்கு இருக்கைகளும் வெறுமையாக.