ஓடுகிறது என்பது சாட்சியா?

ஓர் எந்திரம் ஓடுகிறது என்பதாலேயே அது சரியாக இருக்கிறது என்றாகிவிடுமா? பழைய அம்பாஸடரின் டைமிங் கோளாறு இந்தக் கேள்வியைப் பல தத்துவ நூல்களைவிடத் தெளிவாகவே கேட்கிறது.

உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி அது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பொறி விழும் கணத்தைத் தீர்மானிப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு ஜோடி பாயிண்ட். சுழலும் கேம் அவற்றைப் பிரிக்கும்போது பிளக்கில் பொறி. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே அது விழுந்தாக வேண்டும். எரிவதற்கும் அவகாசம் தேவை. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் வினாடிக்கு 100 பொறி.

பாயிண்ட் முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.015 அங்குலம். கேமோடு உரசும் அதன் குதி தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது, பொறி தாமதமாகிறது. மேட்டில் இழுவை இல்லை, ரேடியேட்டர் கொதிக்கிறது. ஒரே நாளில் நேர்வதல்ல இது. ஓட்டுகிறவர் தன்னையறியாமலேயே ஒரு கியர் முன்னதாக இறக்கப் பழகிவிடுகிறார். கோளாறு அவருடைய சுபாவமாகிவிடுகிறது.

பட்டறையில் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஓடும் எஞ்சினிலேயே டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, சத்தம் சீராகும் இடத்தில் முடுக்கிவிடுகிறார்கள். வண்டி பாய்கிறது. பாயிண்ட்டை யாரும் பார்க்கவில்லை. ஒரு தாமதத்துக்கு எதிராக ஓர் அவசரத்தை வைத்துச் சமன் செய்தாயிற்று. (தளர்ந்த வரியைக் குரலால் தூக்கி நிறுத்தும் கவிதை வாசிப்புகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.)

பின்னால் வேறொருவர் ஃபீலர் கேஜை வைத்து இடைவெளியைச் சரிசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்தது சரியான காரியம். பாயிண்ட் இப்போது முன்னதாகத் திறக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரோ ஏற்கனவே திருப்பப்பட்டிருக்கிறது. பொறி அகாலத்தில் விழுகிறது. எஞ்சின் தட்டுகிறது, கைப்பிடியால் கிளப்பப் போனால் கையைத் திருப்பி அடிக்கிறது. நன்றாக ஓடியதைக் கெடுத்தவர் என்ற பெயர் இவருக்கு. பொய்யான சமநிலையில் ஒரு நிஜத்தை மட்டும் நுழைத்தால் விளைவது சேதம்தான். அதற்காகத் தொடாமல் விடுவதா? என் பதில், தொட்டவர் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதே. இடைவெளிக்குப் பிறகு கிராங்க் புல்லியின் குறியைப் பொருத்தி, சோதனை பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி நிறுத்த வேண்டும்.

அந்தக் குறியும் வேதமல்ல. கையேடு எழுதப்பட்டது அன்றைய பெட்ரோலுக்கு. 2025க்குள் இந்தியப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. ஆகவே கடைசித் திருத்தத்தைக் காதுதான் செய்கிறது, வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி. முதலில் திருப்பியவரும் காதைத்தான் நம்பினார். இங்கே அது அளவுகளுக்குப் பிறகு வருகிறது.

இந்த வேறுபாடு பக்கத்து சீட்டில் இருக்கும் உரிமையாளருக்குக் கேட்காது. முன்பும் நன்றாகத்தானே ஓடியது என்பார்.