சொல்லாமல் கிடைத்த வீடு

"சொந்த ஊரு எது?"

"திருவாலங்காட்டுப் பக்கம்."

"அந்தப் பக்கம் எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, தள்ளியா?"

"ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு மைல்ங்க."

1998ல் அம்பத்தூர் ஓ.டி.க்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் சொன்ன பதில்கள் இவை. கடைசிக் கேள்வி என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன பதில் அதற்கான பதில் இல்லை என்பதும் தெரியும். வீட்டுக்காரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். எஸ்டேட்டில் வேலை, மாசச் சம்பளம், புதுசாகக் கல்யாணம். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு மேல் போர்ஷன் சாவியைக் கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம்.

அதற்கு முன்பு ஒரே மாதத்தில் ஒன்பது வீடு பார்த்திருந்தேன். ஒரு வீட்டில் "சைவமா?" என்றார்கள். ஒரு வீட்டில் "குலதெய்வம் எது?" என்றார்கள். இன்னொரு வீட்டில் கல்யாணப் பத்திரிகை இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். கேள்வி ஒன்றுதான். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டார்கள்.

எங்க ஆயா தன் வாழ்நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை. அவளை யாரும் கேட்டதில்லை. கிராமத்தில் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்பதே பதில். யார் நிலத்தில் நடவு, எந்தக் கிணற்றில் தண்ணி, செத்தால் எந்தச் சுடுகாடு, எல்லாம் பிறக்கும்போதே தெரிந்துவிடும். கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்பதில்லை. நகரத்தில் தெரியவில்லை, அதனால் கேட்கிறார்கள்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களைக் கடுமையாகச் சாடினார். கிராமம் அறியாமையின், குறுகிய புத்தியின் கிடங்கு என்ற பொருளில் பேசினார். அதைப் படித்து வளர்ந்த நாங்கள் நகரத்தை நம்பி ரயிலேறினோம். அது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

நகரம் எனக்குக் கொடுத்ததை ஒளிக்கக் கூடாது. அரக்கோணம் லோக்கலில் யார் தோள்மேல் யார் தோள் இடிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷன் டீக்கடையில் ஒரே கிளாஸ்தான். 1949ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் ஒரு கூலி உலகம் உண்டானது. ஆண்டையின் களத்தில் நெல்லளந்து கூலி வாங்கியவன் மகன், கவரில் போட்ட சம்பளம் வாங்கினான். அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கவரில் என் பெயர் இருந்தது. "டேய்" என்று இல்லை.

ஊர் பெருத்துக்கொண்டே போனது. ஆவடியின் மக்கள்தொகை 2001ல் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். 2011ல் சுமார் 3 லட்சத்து 46 ஆயிரம். 2011ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019ல் ஆவடி தானே மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. ஒரு ஊர் வளர்ந்துவிட்டது என்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் அளவுகோல் இவை. என்னிடம் இருக்கும் அளவுகோல் வேறு. அது 2005ல் ஒரு நாள் எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரிக்கரையை ஒட்டிய மனைகளில் தண்ணி வடியவில்லை. எங்கள் சந்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். மழைத்தண்ணி இறங்கி டேங்க் மேலே பொங்கி வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரியோடு இரண்டு பேர் வந்தார்கள். டியூப் போட்டு உறிஞ்சினார்கள். அடியில் கெட்டிப்பட்டது வரவில்லை. "காசு வாங்குறீங்க இல்ல, இறங்கி வாரிப் போடுங்க" என்றார் அம்மா.

இறங்கியவர் எங்கள் சேரிக்காரர். என் மனைவிக்குச் சித்தப்பா முறை. எங்கள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர்.

நான் மேலே மாடிப்படியில் நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, "சார், அந்த வாளிய கொஞ்சம் தள்ளி விடுங்க சார்" என்றார்.

என்னை 'மாப்ள' என்று கூப்பிடும் மனுஷன். நான் எங்கே நிற்கிறேன் என்பதை அவர் புரிந்துகொண்டார். என் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தார். மார்பளவு மலத்தில் நின்றுகொண்டு, எனக்காக அவர் பொய் சொன்னார்.

நான் வாளியைத் தள்ளி விட்டேன். உள்ளே போய்விட்டேன்.

அவர் ஏறி வந்து குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோது, சத்தம் கேட்டு என் மனைவி இறங்கிப் போனாள். எதையும் யோசித்துப் போனவள் இல்லை அவள். "சித்தப்பா! நீயா? கைய கழுவிக்கினு மேல வா, சோறு தின்னுட்டுப் போ" என்றாள். சந்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் விடவில்லை. எங்கள் வீட்டுத் தட்டில்தான் அவர் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரம்மா வந்தார். அக்கா பையன் ஊரிலிருந்து வருகிறானாம், மேல் போர்ஷன் வேண்டுமாம். சாதி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. அட்வான்ஸைக் காசு குறையாமல் எண்ணிக் கொடுத்தார். 

1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோசலிச பாணி சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976ல் அதைத் திருத்திக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். ஒருவர் குடியிருக்க இடம் பெறுவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பதும் அதன்படி குற்றம். சட்டம் இருக்கிறது. ஆனால் "அக்கா பையன் வர்றான்" என்பதை எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? வழக்கு முடியும்வரை பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து பொதுத்தெருவில் நடக்கும் உரிமையை நமக்கு வாங்கித் தந்தார். தெருவுக்குள் வந்துவிட்டோம். தெருவில் இருக்கும் கதவு இன்னும் கேள்வி கேட்கிறது.

அந்த இரவு எனக்கு என் மனைவி மேல்தான் கோபம். "வாயை மூடிக்கினு இருந்திருந்தா வூடு போயிருக்காது" என்று கத்தினேன். அவள் கேட்டாள்: "வூடு போச்சின்னு அழுவுற. அந்த மனுசன் ஒன்ன சாருன்னு கூப்பிட்டதுக்கு அழுதியா?"

இருபது வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். நான் செய்தது தப்பா?

ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1797ல் ஒரு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறான் ஒருவன். நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான். கொலைகாரன் வாசலில் நின்று "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். அவனிடமும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் காண்ட். அவர் கதவுக்கு உள்ளே இருந்து யோசித்தவர். நாம் கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள். நம்மைக் கேட்கிறவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். பதிலை வைத்து அடிப்பதற்கென்றே கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. வீட்டுக்காரம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. இன்றைக்கு ரூம் தேடி அலையும் நம் மாணவர்கள், சொல்லாமல் வீடு பிடித்தால், அவர்களைக் கோழை என்று மேடையில் பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. தலைக்கு மேலே கூரை இருப்பவர்கள் கூரை இல்லாதவர்களிடம் வீரம் கேட்கக் கூடாது.

ஆனால் மாடிப்படியில் நான் செய்தது வேறு. அமெரிக்காவில் வெளுத்த தோலுள்ள கறுப்பின மக்கள் சிலர், தங்களை வெள்ளையர் என்று காட்டிக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்கும் போனார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, எதிரே பெற்ற தாய் வந்தாலும் தெரியாதவளைப் போலக் கடந்து போவது. 1968ல் நிறத்தின் பேரால் வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் அங்கே வந்தது. வீட்டுக்காரனைத் தண்டிக்கச் சட்டம் வரலாம். அம்மாவைக் கடந்து போனதற்கு எந்தச் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது?

மறைப்பது வேறு, மறுப்பது வேறு. அடிக்கிறவனிடம் மறைத்தேன். அது தற்காப்பு. என் சொந்தத்தை மறுத்தேன். அது துரோகம். முதலாவதை ஏழு வருஷம் செய்து பழகியதால், இரண்டாவது எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வரும் ஊர்க்காரர்களை ஸ்டேஷனிலேயே பார்த்து அனுப்பியது, அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள் வைத்தது, "வீட்ல என்ன சமையல்?" என்றால் சாம்பார் என்றது, எல்லாம் அதன் முந்தைய படிகள். நகரத்தின் ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கிராமம் நம்மை ஒன்றாகச் சேர்த்து அடிக்கிறது. நகரம் ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மற்றவனைத் தெரியாது என்று சொன்னால் உனக்கு மட்டும் இடம் என்கிறது.

மனிதரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் அன்று இல்லை. 2013ல் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் இறக்குகிறார்கள். இறக்கப்படுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் மட்டும் நகரம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

'காலனி' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் காலனி என்றால் கௌரவம். ரயில்வே காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்று பெருமையாக விலாசம் எழுதுவார்கள். எங்கள் ஊரில் காலனி என்றால் சேரி. ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரே வார்த்தை வசவிலிருந்து மரியாதையாக மாறிவிடும். அந்த வார்த்தையை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் வீட்டுக்காரம்மா அன்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "தள்ளியா?" என்றுதான் கேட்டார். இன்னொரு வார்த்தை அவர்களுக்குக் கிடைக்காமலா போகும்?

இப்போது பட்டாபிராம் தாண்டி அரை கிரவுண்டில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. மனை வாங்கும்போது புரோக்கரிடம் முதலில் கேட்டது, இது பஞ்சமி நிலமா என்று. இந்த மண்ணெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். கலெக்டர் திரெமென்ஹீர் 1891ல் நம் மக்கள் நிலையை எழுதி அனுப்ப, 1892ல் அரசு நமக்கு ஒதுக்கிய நிலங்கள் பலவும் கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். யாரோ சேரி ஆயாவின் நிலத்தில் நான் வீடு கட்டி உட்காரக் கூடாது என்பதற்காகக் கேட்டேன். வில்லங்கமும் பழைய பதிவேடும் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

போன வருஷம் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டோம். வீடு கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். எஸ்டேட் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் எதையும் கேட்கவில்லை. என் மனைவி சொன்னாள்: "நாங்க எஸ்.சி.ங்க. மாட்டுக்கறி ஆக்குவோம். எங்க சொந்தக்காரங்க நிறைய வருவாங்க. அதுல லாரி ஓட்டறவங்களும் இருப்பாங்க, டேங்க் எடுக்கறவங்களும் இருப்பாங்க. சம்மதம்னா அட்வான்ஸ் குடுங்க."

ஊரில் பெரியவங்களைக் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். இரண்டு மாசம் வீடு காலியாகக் கிடந்தது. இரண்டு மாச வாடகை நஷ்டம். மூன்றாவதாக ஒரு பையன் வந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம். மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் தளர்ந்தது. "நான் பதினோரு வீடு பார்த்துட்டு வரேன் அக்கா" என்றான்.

சித்தப்பா இப்போது இல்லை. 2011ல் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை என்னை மறுபடியும் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.