கருவியும் கருணையும்

தமிழர் திருமணத்தில் அம்மி மிதித்தல் ஒரு சடங்கு. மணமகன் மணமகளின் காலைப் பற்றி அம்மியின்மேல் வைப்பான். கல்லைப் போன்ற உறுதியுடன் இல்லறத்தில் நிற்றல் வேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் பொருள். பொருள் சிறந்ததே. ஆயினும், அம்மியின்மேல் ஒருநாள் காலூன்றியவள் மறுநாள் தொடங்கி வாழ்நாள் முழுதும் அதன்முன் குந்தியிருந்து அரைத்தாள் என்பதைப் பற்றிச் சடங்கு ஒன்றும் பேசுவதில்லை. அவள் காலைப் பற்றிய கை, பின்னொரு நாள் குழவியைப் பற்றியதாகவும் செய்தியில்லை.

அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை ஆகியவை தமிழர் இல்லத்துப் பழங்கருவிகள். நூற்றாண்டுகள் பல கடந்தும் இவற்றின் வடிவம் பெரிதும் மாறவில்லை. அந்நூற்றாண்டுகளில் தமிழர் அறிவு உறங்கிக் கிடந்தது என்று எவரும் கூறார். கல்லணை எழுந்தது; 1010இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் நிறைவுற்றது; கடல் கடந்து கலங்கள் சென்றன. பெருங்கற்களை விமானத்தின் உச்சிக்கு ஏற்றக் கற்ற ஒரு சமுதாயம், அடுக்களை மூலையில் கிடந்த முழ நீளக் கல்லின் பாரத்தைக் குறைக்க எண்ணாதது ஏன்? எண்ணுவதற்குப் பொழுது வாய்த்தவர் அரைக்கவில்லை. அரைத்தவர்க்கு எண்ணப் பொழுது வாய்க்கவில்லை. களைப்பைத் தீர்க்க அம்மகளிர் கண்ட வழி பாட்டு ஒன்றே. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இடம்பெற்றிருப்பதும், மணிவாசகர் திருப்பொற்சுண்ணம் பாடியிருப்பதும் இலக்கியம் பயில்வோர் அறிந்தவை. உலக்கைப் பாட்டின் இனிமையை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அப்பாட்டைப் பிறப்பித்த தோள்வலியையும் ஒருகால் நினைவூட்டினால் தவறாகாது.

இங்கே ஒரு வினா எழுகிறது. வீட்டுக்குரிய கருவியைப் புதிதாகப் படைத்தல் அறிவுத்திறம் மட்டும் சார்ந்த செயலா? அன்றி, அறத்தோடும் அதற்கு உறவு உண்டா?

இதனை ஆராயச் சிங்கப்பூர் மிகப் பொருத்தமான களம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1955இல் தொடங்கிய வடிவமைப்புப் பரிசொன்று பின்னாளில் ‘ரெட் டாட்’ எனப் பெயர் பெற்றது. அப்பெயர் தாங்கிய அருங்காட்சியகம் சிங்கப்பூரில் 2005இல் மேக்ஸ்வெல் சாலையின் பழைய போக்குவரத்துக் காவல் கட்டடத்தில் திறக்கப்பெற்று, 2017இல் மரினா பே நீர்முகப்புக்கு இடம் மாறியது. இன்னும் விற்பனைக்கு வராத, வரைபடமாகவும் மாதிரியாகவும் மட்டுமே உள்ள புதுக் கருத்துகளுக்கென்று ஒரு தனிப் போட்டியையும் அவ்வமைப்பு 2005 முதல் இந்நகரை நடுவாகக் கொண்டு நடத்தத் தொடங்கியது. விளக்கு, நாற்காலி, கெண்டி, துடைப்பம் என எளிய பொருள்களைப் புதுக்கண் கொண்டு பார்க்கும் இளைஞர் பலர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அதில் பங்கு கொள்கின்றனர்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளிலும் சையத் அல்வி சாலையின் முஸ்தஃபா அங்காடியிலும் இந்தியக் கிரைண்டரும் மிக்ஸியும் விற்பனைக்கு உள்ளன. அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து விளக்கொளி பாய்ச்சுவார் எவருமில்லை. வாங்க வரும் மூதாட்டி கிரைண்டரின் நிறத்தை நெடுநேரம் நோக்குவதில்லை. பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கல்லைக் கழற்ற இயலுமா, கழுவ எளிதா, ஓசை மிகுமா என்று கேட்பார். பிளக்கின் முனை உருண்டையா சதுரமா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்டே. ஆனால் அங்கே பிளக்கின் முனைகள் உருண்டை, இங்கே சதுரம். இச்சிறு வேறுபாட்டை எண்ணிப் பாராமல் அனுப்பப்பட்ட கருவி, எத்துணை நல்லதாயினும், மாற்று முனை வாங்கும்வரை அடுக்களையில் வெறுங்கல்லே. கடைக்கு வரும் அம்மூதாட்டியின் கேள்விகள் ஒரு பரிசுக்குழுவின் அளவுகோலுக்குக் குறைந்தவை அல்ல என்று துணிந்து கூறலாம்.

அக்கிரைண்டரின் கதை அறியத்தக்கது. ஆட்டுக்கல்லில் குழி நிலையாக நிற்கும். வலக்கை குழவியை வட்டமாகச் சுழற்றும். அதே வேளையில் இடக்கை, விளிம்பேறும் மாவை வழித்து வழித்துக் குழவியின் அடிக்குத் தள்ளும். கவனம் சற்றே பிறழ்ந்தால் விரல் நசுங்கும். உளுந்து பொங்கிவரும் பதம் வரையில் இவ்விரு கைகளும் ஓயலாகாது. கோவையில் பி. சபாபதி என்பவர் 1955இல் மாவரைக்கும் மின்னியந்திரத்தை முதன்முதலில் உருவாக்கினார் என்பது அந்நகரில் வழங்கும் வரலாறு. அவ்வியந்திரத்தின் அமைப்பை உற்று நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். கையின் சுழற்சியை அது அப்படியே பின்பற்றவில்லை, தலைகீழாக்கியது. குழி சுழன்றது, குழவி இருந்த இடத்திலேயே நின்று உருண்டது. இடக்கையின் பணியை, சுழலும் விளிம்பை ஒட்டி நிறுத்திய ஒரு வழிப்பான் ஏற்றுக்கொண்டது. வலக்கைக்கு மின்பொறி வைக்க யாருக்கும் தோன்றும். இடக்கையும் உழைத்தது என்பதைக் காண, அரைப்பவளின் அருகில் சிறிது நேரமேனும் அமர்ந்திருக்க வேண்டும்.

வலி அத்துடன் தீரவில்லை. அரைத்த மாவைக் கனத்த கலத்திலிருந்து குனிந்து வழிக்க வேண்டியிருந்தது. பின்னர்க் கலத்தையே சாய்த்து ஊற்றும் வகை வந்தது. அதன்பின் மேடைமேல் வைக்கத்தக்க சிறிய வகை வந்தது. முதலில் தோள், அடுத்து இடுப்பு, பிறகு முழங்கால் என ஒவ்வொரு மாற்றமும் உடம்பின் ஓர் உறுப்பை நினைந்து செய்ததுபோல் அமைந்துள்ளது. இவை கோவையில் நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் அவ்வட்டாரத்திற்கு வந்தது; பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின; 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். மின்சாரமும் மோட்டாரும் இரும்பும் கல்லும் ஓரிடத்தில் கூடின. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. 2011இல் தமிழ்நாட்டு அரசு கிரைண்டரையும் மிக்ஸியையும் மின்விசிறியையும் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது அதனை எள்ளியோர் பலர். எள்ளியோர் வீடுகளில் மாவு எவ்வாறு அரைபட்டது என்பதை அவர்கள் கூறவில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இம்மாற்றம் வேறொரு வகையிலும் இன்றியமையாததாயிற்று. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் மக்கள் கம்பங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடியேறினர். கம்பத்து மண்தரையில் இடித்த உரலோசை காற்றில் கரைந்தது. மாடி வீட்டில் இடித்தால் அது கீழ்வீட்டாரின் தலைமேல் இறங்குகிறது. அடுக்களை மேடைகளோ நின்று சமைப்பதற்கு அமைந்தவை. தரையில் அமர்ந்து அரைக்க அங்கே இடமில்லை. மலாய்க்காரரின் ‘பத்து கிலிங்’கும் தமிழரின் அம்மியும் ஒரே குடும்பத்தன, இரண்டிற்கும் ஒரே நெருக்கடி வந்தது. வறுத்த மல்லியையும் மிளகாயையும் ஆலைக்குக் கொண்டு சென்று அரைத்து வாங்கும் வழக்கம் லிட்டில் இந்தியாவில் வேரூன்றியமைக்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாகலாம்.

கோவையில் கிரைண்டர் பிறந்ததாகக் கூறப்படும் அதே 1955இன் இறுதியில், ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானே நின்றுவிடும் மின் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை உருவாக்கியவர் சிறு தொழிற்கூடம் வைத்திருந்த யோஷிதாதா மினாமி. வெளிக்கலத்தில் ஊற்றிய நீர் முற்றும் ஆவியானதும் வெப்பம் ஏறும். அவ்வேற்றத்தை உணர்ந்து மின்னோட்டம் தானே நிற்கும். சொல்வதற்கு எளிது. அவ்வளவை அறிவதற்காக, வெயிலென்றும் பனியென்றும் பாராது, பானை பானையாகச் சோறு வடித்து வெப்பத்தை அளந்து குறித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இந்தியாவின் மிக்ஸிக் கதையும் இதற்கு இனமானது. பம்பாயில் 1960களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூரின் ஜெர்மானிய மிக்சர் பழுதுற்றது. அதைச் சீர்செய்ய வழியில்லை. மஞ்சளையும் ஊறிய அரிசியையும் அரைக்கும் அடுக்களையை மனத்தில் கொண்டு செய்த பொறி அன்று அது. பொறியாளரான கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர் இந்தியச் சமையலுக்கேற்ற வலிய மோட்டாருடன் வேறொன்றைப் படைத்தார். அதுவே ‘சுமீத்’ எனப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர், முடக்குவாதத்தால் விரல் மடங்காத தம் மனைவி பெட்சி காய் சீவப் பட்ட பாட்டைக் கண்டதன் விளைவு, 1990இல் ‘ஆக்சோ’ என்னும் பெயரில் வந்த பருத்த மென்பிடிச் சீவல் கத்தி. மூன்று நாடுகள், மூன்று கருவிகள். பட்டவர் மூவரும் பெண்டிர். ஏடுகள் முதலில் எழுதும் பெயர்களோ ஆடவருடையவை. பட்டவரின் பங்கைப் படைப்பாகக் கருதாமை பழைய பிழை. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவற்றை எண்ணும்போது, விந்தைக்காகவே வரையப்படும் கருவிகளை ஏளனம் செய்யத் தோன்றலாம். அது முறையன்று. கென்ஜி கவகாமி என்னும் ஜப்பானியர், பயன்படுவதுபோல் தோன்றிப் பயன்படாத பொருள்களை வேண்டுமென்றே படைத்து அவற்றுக்குச் ‘சிண்டோகு’ எனப் பெயரிட்டார். வேடிக்கை என்று சொல்லியே காட்டியதால் அதில் குற்றமில்லை. பயன்படும் என்று விலை கூறிவிட்டுப் பயன்படாதிருக்கும் பொருளிடத்தில்தான் வழக்கு. அதனினும் பெரிய வழக்கு, திறந்து சீர்செய்ய இயலாதபடி ஒட்டி மூடப்பட்ட பொருளிடத்தில் உள்ளது. அம்மி தேய்ந்தால் தெருவில் கூவி வருபவர் கொத்திக் கொடுத்தார். இக்காலக் கருவி ஒரு சிறு உறுப்புக் கெட்டாலும் முழுதும் குப்பையாகிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்கிட்டது. 2021 சூலை முதல் அதனைத் திரட்டும் பொறுப்பு உற்பத்தியாளர்மீது சட்டப்படி சுமத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2014இல், பழுதான விசிறியையும் கெண்டியையும் அக்கம்பக்கத்தாரே கூடிச் சீர்செய்யக் கற்கும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்னும் முயற்சி இங்குத் தொடங்கியது. ஒரு பொருளைக் கழற்றிப் பார்த்த மாணவன், அதனைச் செய்தவன் தன்னை மதித்தானா இல்லையா என்பதைத் திருகாணிகளிலிருந்தே அறிந்துகொள்வான்.

கல்லில் அரைத்த சுவை இயந்திரத்தில் இல்லை என்பது ஒரு சாரார் குறை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. விரைந்து சுழலும் கத்தி மாவைச் சூடேற்றும். மெல்லச் சுழலும் கல் சூடேற்றாது. உளுந்தின் பசையில் காற்று தங்கி இட்டலி மென்மையாவது அதனால்தான். கிரைண்டரில் கல் நீங்காமல் இருப்பதும் அதனாலேயே. எனினும் இக்குறையைக் கூறுவோரிடம் கேட்க ஒன்று உண்டு: தாங்கள் விரும்பும் அச்சுவைக்காகத் தாங்களே ஆட்டுக்கல்லின்முன் அமர்ந்ததுண்டா? அமர்ந்தவர் சொன்னால் அது சுவையறிவு. அமராதவர் சொன்னால், பிறர் கைவலியைத் தம் நாவிற்கு வரியாகக் கேட்பதற்கே ஒக்கும்.

மற்றொரு குறை இதனினும் கடியது. கருவி வந்ததால் பெண்டிர்க்கு ஓய்வு வந்ததா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டுக் கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டினார். துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று; பிறர் செய்த வேலைகளும் அவள் தலையில் வந்து விழுந்தன. தமிழ் இல்லங்களிலும் இது நிகழ்ந்ததே. மாவரைக்கும் இயந்திரம் வந்தபின், ‘இயந்திரம்தானே அரைக்கிறது, உனக்கு என்ன வேலை?’ என்ற சொல்லும் உடன் வந்தது. சிங்கப்பூரிலோ அவ்வேலை 1978 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் பணிப்பெண்களின் கைக்கும் மாறத் தொடங்கியது. வாரத்திற்கு ஒருநாள் ஓய்வு அவர்களுக்குச் சட்டப்படி உறுதியானது 2013 சனவரியில்தான். கிரைண்டர் வாங்கும்போது அதனை இயக்கப் போகிறவரையும் கடைக்கு அழைத்துச் சென்று, தூக்க முடிகிறதா என்று கேட்கும் வீடுகள் எத்தனை?

கேட்டால் அவர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மேடைக் கிரைண்டரில் அரைத்து முடித்த பிறகு, ஈரமான உருளைக் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடுக்கில் ஒட்டிய மாவை விரலால் நீக்கி, கலத்தைத் தூக்கிக் கவிழ்த்துக் கழுவ வேண்டும். 1955இலிருந்து வடிவம் எவ்வளவோ மாறியும் இவ்வேலை மட்டும் இன்னும் கையிலேயே நிற்கிறது.