கருவியும் நோக்கும்

கருவி பெரிதா, அதனைக் கையாளும் மனிதனின் நோக்கம் பெரிதா என்னும் வினா கலைத்துறையில் புதியதன்று. இலக்கியத்தில் உருவம், உள்ளடக்கம் என்ற பெயர்களில் இதனை நாம் ஓயாது விவாதித்து வந்திருக்கிறோம். அதே வினா அண்மையில் கொலன்னாவையிலே, ஒரு தேநீர்க் கடையில், நாம் எதிர்பாராத உருவத்தில் நம் முன் வந்து நின்றது.

புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்ட வாலிபர் நால்வர் அங்கே கூடியிருந்தனர். தமிழரும் சிங்களவரும் கலந்த கூட்டம். கைத்தொலைபேசியிலே நாளொன்றுக்கு நூறு படம் எடுக்கக்கூடிய இக்காலத்தில், பழைய பிலிம் கமராக்களைத் தேடி வாங்குகின்றவர்கள் அவர்கள். எந்தக் கமராவின் ஷட்டர் நம்பத்தக்கது, எந்த வில்லை கூர்மையானது, 50 மில்லிமீற்றர் சிறந்ததா 35 சிறந்ததா, எந்தச் சுருள் நிழலின் கருமையை நயமாகக் காட்டும் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் உரையாடினர். அவர்களுடைய அறிவும் ஆர்வமும் நமது மதிப்பைப் பெற்றன. ஆயின் அந்த இரண்டு மணி நேரத்தில், இக்கருவிகளைக் கொண்டு எதனைப் படம் பிடிக்கப் போகிறோம் என்ற பேச்சு ஒரு முறையேனும் எழவில்லை. அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலேதான் மீதொட்டமுல்ல இருக்கிறது.

இந்த நாட்டம் நமது ஊருக்கு மட்டும் உரியதன்று. கொடக் நிறுவனம் 2012-இல் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியபோது பிலிமின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினர். எனினும் 2024-இல் பென்டக்ஸ் நிறுவனம் புதிதாக ஒரு பிலிம் கமராவைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள்தாம். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. தவறினால் அழிக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடே இளைஞரைக் கவர்கிறது. ஒவ்வொரு முறையும் ஷட்டரை அழுத்துமுன் சிந்திக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். இது நல்ல வாதம். ஆனால் எதைப் பற்றிச் சிந்திப்பது?

கருவியைப் பற்றிய பேச்சு முழுவதையும் வேலையற்றவரின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உள்ளனர். அக்கருத்து நமக்கு உடன்பாடானதன்று. தச்சன் தன் உளியைத் தட்டிப் பார்த்துத் தேர்கிறான். கொத்தன் தன் கரண்டியை வேறொருவனுக்கு இரவல் கொடுப்பதில்லை. உழைக்கும் மனிதனுக்குக் கருவியின்மீது உள்ள பற்று அவனுடைய உழைப்பின்மீது உள்ள பற்றே. லைக்கா கமரா பிறந்த வரலாறும் இதையே காட்டுகிறது. அதனை வடிவமைத்த ஒஸ்கார் பர்னாக் ஆஸ்துமாவினால் வருந்தியவர். கண்ணாடித் தட்டுகளோடு கூடிய பாரமான கமராவைச் சுமந்து நடப்பது அவருக்குக் கடினமாயிருந்தது. சினிமாப் பிலிமைக் கொண்டே இயங்கும் சிறு கமராவை அவர் செய்து பார்த்தார். 1925-இல் அது விற்பனைக்கு வந்தது. இங்கே தேவை முந்தியது, கருவி பிந்தியது.

நமது தட்பவெப்பமும் தனக்கென்று சில தேவைகளை உடையது. பிலிமைக் கழுவும் திரவம் 20 பாகையில் இருக்க வேண்டுமென்று நூல்கள் கூறுகின்றன. கொழும்பிலே குழாய்த் தண்ணீர் அதைவிட வெப்பமானது. ஆகவே பனிக்கட்டியிட்டுக் குளிர்விக்க வேண்டும், அல்லது கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். காற்றின் ஈரம் வில்லைக்குள் பூஞ்சணத்தை வளர்க்கும்; அலுமாரியின் இருட்டிலே பூட்டி வைத்த வில்லையில் அது விரைந்து படரும். ஒளிமானி பழுதான கமராவைக் கொண்டும் நல்ல வெயிலில் படம் எடுக்கலாம். துவாரத்தை 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் வேக எண்ணுக்கு ஒப்ப அமைத்தால் போதும்: 100 எண் பிலிமுக்கு ஏறத்தாழ நூறில் ஒரு செக்கன். இவற்றை அறிந்தவன் பணத்தைச் சிக்கனப்படுத்துகிறான். ஒரு சுருளின் விலை கூலித் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியை விழுங்கிவிடும் நாட்டில் இந்த அறிவு வீண் அறிவன்று.

அவ்வாறாயின் பிழை எங்கே தொடங்குகிறது? வேலை கருவியைத் தேர்வதற்குப் பதிலாகக் கருவி வேலையைத் தேரத் தொடங்கும் இடத்திலே தொடங்குகிறது. தச்சன் கதவு செய்வதற்காக உளி வாங்குகிறான். உளியைச் சோதிப்பதற்காகக் கதவு செய்வதில்லை. நம் வாலிபரோ புதிதாக வாங்கிய வில்லையின் கூர்மையைப் பார்ப்பதற்காகச் செங்கற் சுவரைப் படம் எடுக்கின்றனர்; பின் அதனை விற்று வேறொன்றை வாங்குகின்றனர். மனித உழைப்பினால் ஆகிய பண்டம், தானாகவே ஆற்றல் கொண்டதுபோல் மனிதன் முன் நின்று அவனை ஆட்டிவைப்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியான மூலதனத்தின் முதல் அத்தியாயத்திலேயே விளக்கினார். காட்சியைக் காணும் ஆற்றல் வில்லையிலேதான் உறைகிறது என்று நம்புபவன் அந்த மாயைக்கு ஆட்பட்டவன்.

அந்தப் பண்டத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரையும் நாம் மறந்துவிடுகிறோம். பழைய கமராக்களைத் தேடுவோர் பலர் அறிந்த பெயர் ஃபெட். உக்ரேனில் கார்க்கிவ் நகரை அடுத்து, வீடற்ற சிறுவருக்கென 1927-இல் அமைக்கப்பட்ட கம்யூனிலே, கல்வியாளர் அந்தோன் மக்கரென்கோவின் தலைமையில் வளர்ந்த பிள்ளைகள், 1934 முதல் லைக்காவின் மாதிரியைப் பின்பற்றி அக்கமராவைச் செய்தனர். தெருவிலே திருடித் திரிந்த கைகள் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைப் பிழையின்றி அளக்கக் கற்றன. அக்கம்யூனை நடத்தியது இரகசியப் பொலிஸ் என்பதையும், கமராவின் பெயரே அப்பொலிஸின் முதல் தலைவரது பெயரின் முதலெழுத்துகள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அவ்வமைப்பின் கைகளிலே இரத்தம் உண்டு. எனினும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. ஆசிரியராயுள்ள நம் வாசகர் அதன் பெறுமதியை எளிதில் உணர்வர். ஃபெட் மலிவானதா, அதன் ஷட்டர் கரகரக்கிறதா என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடுவது நியாயமா?

கருவியைச் செய்தவர் மறக்கப்படுவதுபோலவே, கருவியின் முன் நிறுத்தப்பட்டவரும் மறக்கப்படுவதுண்டு. இலங்கையின் புகைப்பட வரலாற்றில் இரு பெயர்கள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தோடு நாம் படித்த சார்ள்ஸ் கமரனின் மனைவியார். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பத்தோடு 1875-இல் இத்தீவுக்கு வந்து, 1879-இல் இங்கேயே மறைந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் படங்களுக்கு அவரவர் பெயர் உண்டு. களுத்துறையிலே அவர் எடுத்த படத்துக்கோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்பதே பெயர். கமராவும் ஒன்று, கைத்திறனும் ஒன்று. பெயர் மட்டும் கடல் கடந்து வரவில்லை.

மற்றவர் லயனல் வென்ட் (1900–1944). சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 43 குழுவின் தூண்களுள் ஒருவர். அவர் கையில் லைக்காவும் ரோலிஃபிளெக்ஸும் இருந்தன. நமது மீனவரின் உடலையும் உழவரின் நடையையும் அவர் கண்ட அழகோடு அவருக்கு முன் கண்டவர் அரிது. அந்தக் கலைச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் வர்ணனைக் குரல் கொடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் 1934-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பணம் தந்தது தேயிலைப் பிரசார சபை. தேயிலையைப் பறித்த தமிழ்த் தொழிலாளி தன் குரலில் தன் வாழ்வைச் சொல்ல அப்படத்தில் இடமில்லை. எவ்வளவு நேர்த்தியான வில்லையும் இந்தக் குறையைத் தானாக நிரப்பிவிடாது.

இனி வேறொரு படத்தை நோக்குவோம். 1983 ஜூலைக் கலவரத்தின்போது, கொலன்னாவைக்கு அண்மையிலுள்ள பொரளையில் எடுக்கப்பட்டது. ஆடை உரியப்பட்ட தமிழன் ஒருவன் குனிந்தமர்ந்திருக்கிறான். சூழ நிற்போர் களிக்கின்றனர். அதனை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகையின் புகைப்படக்காரர், சிங்களவர். அப்படத்தைக் காண்பவர் மனத்தில், எந்தக் கமரா, எந்த வில்லை என்ற கேள்வி எழுமா? கேட்பது அநாகரிகமாகவே தோன்றும். அன்று நடந்ததை மறுக்க முற்படும் ஒவ்வொருவர் முன்னும் அது சாட்சியாக நிற்கிறது. அங்கே வேலைதான் கருவியை ஆண்டது.

பார்க்கும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாய் இருந்ததில்லை. 1995 ஒக்டோபர் 20-ஆம் திகதி கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டன. அக்காலத்தில் இத்தெருக்களிலே கமராவோடு நிற்பது, அதுவும் தமிழனாக நிற்பது, சந்தேகத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். இன்று அந்நால்வரும் ஒன்றாய் அமர்ந்து, கமராக்களை மேசைமீது பரப்பி வைத்துப் பேச முடிகிறது. பலர் பெற்றிராத இந்த வாய்ப்பைச் செங்கற் சுவர்களில் செலவழிக்கலாமா?

மீதொட்டமுல்லவுக்குத் திரும்புவோம். கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் கொட்டப்பட்டு வந்த கொழும்பின் குப்பை, அங்கு இடமற்றுப் போனபின் கொலன்னாவை நகர சபை எல்லைக்குள் வந்து குவிந்தது. நகரம் தின்றதன் மிச்சம், நகரத்துக்கு உழைத்த ஏழைகளின் வாசலிலே மலையாயிற்று. மக்கள் எதிர்த்தனர், ஊர்வலம் போயினர், அதிகாரம் செவிமடுக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சிங்கள தமிழ்ப் புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. சரிந்தபின் எல்லாக் கமராக்களும் வந்தன. சரியுமுன், அம்மக்கள் கூக்குரலிட்ட ஆண்டுகளில், வந்தவை மிகச் சில. 36 படங்களில் ஒன்றையேனும் அந்த வாசல்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டியவர்கள், அயலவராகிய நாமன்றோ?

அங்கே சென்று வறுமையைக் கலைப்பொருளாக்கிக் கண்காட்சியில் மாட்டுங்கள் என்று நாம் கூறவில்லை. அது கமரன் அம்மையாரின் பிழையைத் திரும்பச் செய்வதாகும். நாம் வேண்டுவது எளியது. படம் எடுக்கப்படுபவரின் பெயரைக் கேட்டு, அவர் இசைந்தால், படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். பிலிம் உடனே படத்தைத் தருவதில்லை; ஆகவே மறுபடியும் அவரிடம் போகக் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையிலே கொடுங்கள். 1983-இல் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு குடும்பப் படங்களும் எரிந்தன. மீதொட்டமுல்லவிலே புதைந்த வீடுகளோடு சுவரிலிருந்த கலியாணப் படங்களும் புதைந்திருக்கும். ஒரு படத்தை இழப்பது எத்தகையதென்று அறிந்த மக்களுக்கு ஒரு படத்தைக் கொடுப்பது சிறு செயலன்று. இரண்டாம் முறை போகும்போது அவர் தம் கதையையும் கூறுவார்; மூன்றாம் முறை எதைப் படம் பிடிக்க வேண்டுமென்று அவரே காட்டுவார்.

அப்பொழுது கருவி பற்றிய வினாவும் தானே தீரும். குறுகிய அறைக்குள் குடும்பத்தோடு எடுக்க வேண்டுமாயின் அகன்ற வில்லை தேவை; மாலையிலே வேலை முடிந்து வருபவரை எடுக்க வேண்டுமாயின் வேகமான பிலிம் தேவை; பகல் வெளிச்சத்திலே முற்றத்தில் நிற்பவருக்கு எந்தப் பழைய கமராவும் போதும். கமராவைத் துடையுங்கள், வில்லையை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள், நல்லதைத் தேடி வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்நால்வரும் தேநீர்க் கடையிலே கூடும்போது, அவரவர் கையிலுள்ள கமராவோடு எழுந்து, அந்த அரைமணி நடையை நடந்துவிட்டு வந்து பேச்சைத் தொடரட்டும். நாமும் உடன் செல்வோம்.